கோடைக்குப் போக நமக்கு எதற்கு மே மாதம்?

சித்திரை பிறந்தால் மதுரையில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு. "இந்த லீவுக்குக் கோடைக்கானல் போய்ட்டு வருவோமா?" காரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கணக்குப் போடுவார்கள். கடைசியில் ஒரு ஆள் அதிகமாக இருக்கும். அப்போது யாராவது சொல்வார்கள், "அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்காது, அவரு வீட்ல இருக்கட்டும்." நாமும் கௌரவமாக, "ஆமாப்பா, நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறோம்.

எனக்கு இதில் சம்மதமில்லை. நம் வயதுக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோடைக்கானல் ஒத்துக்கொள்ளும். ஒத்துக்கொள்ளாதது மே மாதமும், பிள்ளைகள் நமக்காகக் கட்டிக்கொடுக்கும் பையும்தான்.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். இந்த 'சீசன்' என்பதே வெள்ளைக்காரர்கள் ஏற்படுத்திய வழக்கம். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி 1845-ல் மலையில் இரண்டு பங்களா கட்டினார்கள். அவர்கள் வெயில் காலம் முழுவதும் அங்கேயே தங்கினார்கள். நாம் இரண்டு நாள் போகிறோம், அதில் பாதி நாள் வண்டிக்குள்ளேயே போய்விடுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை, அது நியாயம். பென்ஷன்காரருக்கு எந்தப் பள்ளிக்கூடம்? மலைப்பாதையில் வண்டி நகராமல் இரண்டு மணி நேரம் நின்றால், சிறுநீரை அடக்க முடியாத வயதில் நாம் என்ன செய்வது? குளிரை விட இதுதான் பெரிய கஷ்டம் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை கோடைக்கானல் எங்கள் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. குமாஸ்தா வேலையில் கோப்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு பன்னிரண்டு மாதமும் அங்கே போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம். கோடைக்கானல் பழனிமலையில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. அந்த மாதங்களில் பாதையில் மண் சரியும், மரம் விழும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. ஆனி முதல் ஆவணி வரை மழை குறைவுதான், ஆனால் மூடுபனியும் சாரலும் விடாது. மூட்டுவலிக்காரர்களுக்கு அது ஆகாது. மார்கழியிலும் தை முதல் பாதியிலும் பகல் வெயில் பொன் மாதிரி இருக்கும். இரவில்தான் சோதனை. வெப்பம் 8 டிகிரிக்கும் கீழே இறங்கி, ஏரியை ஒட்டிய புல்லில் விடியற்காலை வெள்ளையாக உறைபனி கிடக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடி வந்து தேங்கும். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஏரிக்கரையில் அறை எடுக்காமல் மேட்டில் எடுத்தால் அந்த அளவுக்காவது குளிர் குறையும். ஏரி அழகுதான். பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு மாசிக்கும் பங்குனி முதல் பாதிக்கும். வானம் தெளிவாக இருக்கும், கூட்டம் இருக்காது, அறை வாடகை பேரம் பேசலாம். பகலில் 18, 19 டிகிரி, இரவில் பத்தை ஒட்டி. முழுப் பரீட்சைக்கு முந்தைய அந்த நாட்களில் ஊரே நமக்கென்று காலியாக இருப்பது போலிருக்கும்.

இனி பை விஷயம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வியர்வை வழியும் வகுப்பில் குளிர்காலப் பாடம் ஒன்று நடத்துவார்கள். கழுத்துக்கு எஷார்ப், கைக்கு கான், உடம்புக்கு மாந்தோ, தலைக்கு போனே என்று வரிசையாக மனப்பாடம் செய்தோம். பனியைக் கண்ணால் காணாத பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று அப்போது சிரித்தோம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு புத்தி இருந்தது. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு துணி. நமக்கோ குளிர் என்றால் ஒரே ஒரு ஸ்வெட்டர்தான். தடிமனாக ஒன்றை வாங்கிப் பெரியவருக்கு மாட்டிவிட்டு, காதையும் காலையும் திறந்து விட்டுவிடுகிறோம்.

ஒரு தடித்த ஸ்வெட்டரை விட மெல்லிய மூன்று துணி மேல். உள்ளே கை வைத்த பனியன், அதன் மேல் முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் கம்பளி. துணிகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் உடம்புச் சூட்டைக் காப்பாற்றுகிறது. வெயில் ஏறினால் ஒன்றைக் கழற்றலாம், மேகம் மூடினால் மாட்டலாம். அங்கே பத்து நிமிடத்தில் இரண்டும் நடக்கும். மங்கி குல்லா அவசியம், போட்டோவில் எப்படி இருக்கிறோம் என்ற கவலை இந்த வயதில் வேண்டாம். வேட்டி கட்டுகிறவர்கள் உள்ளே ஒரு பைஜாமா போட்டுக்கொள்ளலாம். சேலைக்கும் அதுதான் வழி, காற்று கீழிருந்துதான் ஏறும். காலுறை மூன்று ஜோடியாவது வேண்டும், நனைந்தால் மாற்ற. என் வீட்டம்மா காலுறை போடவே மாட்டேன் என்பாள், மெட்டி நூலை இழுக்கிறதாம். கொஞ்சம் தளர்வான கம்பளிக் காலுறை வாங்கியதும் பிரச்சினை தீர்ந்தது. ரப்பர் செருப்பை அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே பிடிமானமுள்ள ஷூதான், பனி பட்ட சரிவில் வழுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும்.

குளிரூருக்கு எதற்குத் தொப்பி என்று கேட்பார்கள். சூரியனை ஆராய்வதற்கென்றே 1899-ல் அங்கே ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அவ்வளவு தெளிவான வானம். 7,000 அடியில் வெயிலின் சூடு தெரியாது, ஆனால் கதிர் தோலைச் சுடும். குல்லா இரவுக்கு, விளிம்பு வைத்த தொப்பி பகலுக்கு.

மாத்திரையைப் போகும் நாள் கணக்குக்கு மேல் மூன்று நாளுக்குச் சேர்த்து எடுங்கள். பாதை அடைபட்டால் கீழே வர முடியாது. இன்சுலினை மேலே ஏறும்வரை வெயில் படும் இடத்தில் வைக்கக் கூடாது, மேலே போனதும் அது உறையவும் விடக் கூடாது. கைப்பையில் துணி சுற்றி வையுங்கள். ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைப் பெட்டிக்குள் போடாமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும். வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் அழுத்தம் அங்கே கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் செய்யும். முதல் நாள் படி ஏறாமல், சாப்பிட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தால் போதும். இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.

பிளாஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, இரவில் எழுந்திருக்க வேண்டுமே என்ற பயத்தில் நம்மவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை. பகலில் குடித்துவிடுங்கள், வெந்நீராக. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில்தான் சரி. தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், அதற்காக யாரும் பயப்பட வேண்டாம்.

ஒன்றைச் சத்தம் போட்டே சொல்ல வேண்டியிருக்கிறது. குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்து, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். வாடகைக்கு அறை கொடுப்பவர் கொண்டுவந்து வைத்தாலும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு கம்பளி கேளுங்கள். வெந்நீர்ப் பை ஒன்றைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் போட்டால் விடியும் வரை சூடு இருக்கும். அந்தக் குளிரை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு மலைப்படியும் குளிர்காலப்படியும் தருகிறது. நாம் ஒரு கம்பளி கேட்பதில் வெட்கம் என்ன?

சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இந்த ஏற்பாடு. பேரனிடம் போனைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவான். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லையும் இல்லை. ஆரப்பாளையத்தில் விடியற்காலை வண்டி பிடித்து, முன்பக்க இருக்கையில் உட்காருங்கள். வயிற்றில் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம், கொண்டை ஊசி வளைவுகளில் அதுவே மேலே வரப் பார்க்கும்.

திரும்பும்போது பெருமாள்மலை தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பியுங்கள். குல்லாவும் ஸ்வெட்டருமாக வத்தலக்குண்டு வரை வந்து, அங்கே வியர்த்து மயங்கி உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், திறந்துவிடும். வத்தலக்குண்டில் இறங்கி ஒரு மோர் குடித்துவிட்டு ஏறினால், வாடிப்பட்டி வருவதற்குள் உடம்பு நம் ஊர் வெயிலுக்குப் பழகிவிடும்.