வாயில்லா ஜீவனுக்கும் ஒரு வாசல்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

ஏற்காடு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவன ஏரியும், படகும், மே மாதக் கோடை விழாவும், காப்பித் தோட்டங்களுமே. நாள்தோறும் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் இறங்கிக் கல்லூரிக்கு வரும் எனக்கோ வேறொரு காட்சிதான் முதலில் தோன்றும். வளைவின் தடுப்புச் சுவரையொட்டி நின்றுகொண்டு, ஏறி வரும் ஒவ்வொரு காரையும் அண்ணாந்து பார்க்கும் நாய்கள்! சீசனில் பிஸ்கட்டும் பிரியாணியும் எறிந்த கைகளை, சீசன் முடிந்த பின்னும் அவை தேடிக்கொண்டே இருக்கின்றன.

அந்த நாய்களில் ஒன்றைப் பற்றி எழுதுவதற்கு எனக்குத் தனிக் காரணம் உண்டு. அதை அங்கே கொண்டுபோய் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

நான் முதலாண்டு சேர்ந்த சமயம். எங்கள் தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு நாய் நான்கு குட்டிகளை ஈன்றது. அவற்றில் ஒன்றை நான் வீட்டில் வைத்துப் பால் ஊற்றி வளர்த்தேன். ஒரு நாள் அதை ஏரிப் பக்கம் தூக்கிச் சென்றபோது, விடுமுறைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தின் குழந்தை அதைக் கேட்டு அழுதது. ஐந்தே நிமிடத்தில் குட்டியைக் கொடுத்துவிட்டேன். ஏதோ பெரிய தருமம் செய்துவிட்டதாகப் பெருமை வேறு! பத்து நாள் கழித்து, பேருந்தில் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு வளைவில் அதே குட்டியைக் கண்டேன். அந்தக் குழந்தை கட்டிய சிவப்பு ரிப்பன் கழுத்தில் அப்படியே இருந்தது. வளைவில் நிறுத்த முடியாது என்றார் கண்டக்டர். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மேலே ஓடினேன். குட்டி இல்லை. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

அன்றிரவு அம்மா சொன்னாள்: "பொண்ணு குடுக்கறப்ப வூடு வாசலு விசாரிக்காமயா குடுப்போம்? யாரு எவருன்னு கேக்காம தூக்கிக் குடுத்துப்புட்டியேடா!"

பள்ளிக்கூடம் அதிகம் பாராத என் தாய் சொன்ன அந்தச் சொல்லில், தத்துக் கொடுத்தலின் இலக்கணமே அடங்கியிருக்கிறது.

நம் மாநிலத்தில் இப்பணிக்கு முன்னோடி சென்னையின் புளூ கிராஸ். 1959-இல் பெய்த பெருமழையில், தெரு வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் வி. சுந்தரம் தம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவரும், விமானம் ஓட்டிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான அவர் துணைவியார் உஷாவும் அன்று தொடங்கியதே இன்று ஆலமரமாய் வளர்ந்திருக்கும் அந்த அமைப்பு. ஒரு குடும்பம் தன் வீட்டில் இரு குட்டிகளுக்கு இடம் கொடுத்ததுதான் தொடக்கம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இத்தகைய மீட்பு இல்லங்கள் கேட்டவருக்கெல்லாம் குட்டியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. வீட்டிலுள்ள அனைவருக்கும் சம்மதமா? வாடகை வீடென்றால் உரிமையாளரின் அனுமதி உண்டா? ஊருக்குப் போகும்போது யார் பார்த்துக்கொள்வார்? தடுப்பூசியும் கருத்தடையும் செய்ய உடன்பாடா? இப்படி விசாரித்த பிறகே கொடுக்கிறார்கள். அம்மா சொன்னதும் இதைத்தானே!

நிரந்தர வீடு கிடைக்கும் வரை சில வாரங்கள் மட்டும் வளர்த்துத் தருவது இன்னொரு வகைத் தொண்டு. இதன் அருமை பலருக்குத் தெரிவதில்லை. தாய்ப்பால் வழியே குட்டிக்குக் கிடைக்கும் நோயெதிர்ப்பு ஆற்றல் சில வாரங்களில் குறையத் தொடங்கும். ஆறு முதல் எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி போட்டு, தொடர் ஊசிகளும் முடியும் வரை அது ஆபத்தான காலம். பல நாய்கள் நெருங்கி வாழும் காப்பகத்தில் பார்வோ போன்ற வைரஸ் நோய் நுழைந்தால், குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். ஒரு வீட்டின் மூலையில் ஒரு கோணிச் சாக்கும், நேரத்துக்கு உணவும் கிடைத்தால் அந்த உயிர் தப்பிவிடும். மனிதரோடு பழகவும் கற்றுக்கொள்ளும். இதற்குச் செல்வம் தேவையில்லை. சில வாரங்கள் மனம் வைத்தால் போதும்.

"மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்கு என்ன உபசாரம்?" என்று வகுப்பில் ஒரு நண்பன் கேட்டான். நாயிடம் கடிபட்ட அச்சம் இன்னும் நீங்காதவன் அவன். அவன் கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன். ரேபிஸ் நோய் அறிகுறி காட்டிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அதற்குப் பலியாவோரில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர். நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-இல் எழுந்ததே இந்நோயை எதிர்க்கத்தான்.

ஆனால், விடை எது? சென்னையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள், தொகை குறையவில்லை. 1964 முதலே கருத்தடை வழியை வலியுறுத்திச் செய்துவந்தது புளூ கிராஸ். 1996-இல் மாநகராட்சியும் அவ்வழிக்கு வந்தது. 2001-இல் அது நாடு முழுமைக்கும் விதியாயிற்று. 2023-இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன. நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே, தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து ஒரு நாயை வீட்டுக்குள் அழைத்துக்கொள்பவர், தம் தெருக் குழந்தைகளையும் காப்பாற்றுகிறார்.

வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அச்சட்டம் முதல் குற்றத்துக்கு வகுத்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை! ஏற்காட்டில் சுற்றுலா வந்தவர் குடிக்கும் ஒரு காப்பியின் விலை. சட்டம் காக்கும் என்று நாம் கைகட்டி இருக்க முடியாது.

இந்தப் பிரச்சினை இப்போது நம் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலிய இடங்களிலுள்ள தெரு நாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும், மீண்டும் அங்கேயே விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அது சரியா தவறா என்று வாதிட நான் சட்டம் படித்தவனல்லன். ஆனால் நம் உணவகத்தின் பின்புறம் படுத்திருக்கும் செவலை நாயை நாம் எல்லாரும் அறிவோம். எத்தனையோ பேர் அதற்குச் சோறு போட்டிருக்கிறோம். "எங்கள் நாய்" என்கிறோம். ஒரு நாள் வண்டி வந்தால், 'எங்கள்' என்ற சொல்லுக்குள் நிற்க எத்தனை பேர் முன்வருவோம்? அதே ஆண்டு ஆகஸ்டு 22 அன்று, தலைநகர் நாய்களைப் பற்றிய ஆணையில், விரும்புவோர் தத்தெடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது என்று அதே நீதிமன்றம் கூறியது. பரிவுக்கும் பொறுப்புக்கும் முடிச்சுப் போட்ட வாசகம் அது.

கடந்த ஆண்டு மற்றொரு குட்டி என்னிடம் வந்தது. ஐந்து வாரம் வைத்திருந்தேன். ராகிக் கஞ்சியும் மோர்ச்சோறும்தான் அதன் விருந்து. அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டேன். மூன்று பேர் கேட்டு வந்தனர். இருவரிடம் நான் கேட்ட கேள்விகளுக்கு விடையில்லை, கொடுக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் தேநீர்க் கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார். நான் கேட்குமுன் அவரே கேட்டார்: "உடம்பு சரியில்லேன்னா இத எங்க காட்டணும் தம்பி?" கொடுத்துவிட்டேன். இன்று கடை வாசலில் பெஞ்சுக்கடியில் படுத்திருக்கிறது. என் பேருந்து வந்து நின்றால் வாலை ஆட்டும், எழுந்து வராது. அதற்கு வீடு இருக்கிறதல்லவா!

நண்பர்களே! விடுதியில் தங்குவோர் நாய் வளர்க்க இயலாது. வீட்டிலிருந்து வருவோர் மூன்று வாரம் ஒரு குட்டியைப் பேணலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாளைக் கால்நடை மருத்துவரோடு சேர்ந்து தடுப்பூசிக்கு ஒதுக்கலாம். சொந்த வீடுள்ள பேராசிரியப் பெருமக்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து வெளிநாட்டு இன நாயை வாங்குமுன், நம் நாட்டு நாய் ஒன்றுக்குக் கதவைத் திறக்கலாம். நம் உணவகத்துச் செவலைக்கும் ஒரு வீடு தேட வேண்டும். விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும். முதல் கேள்வியை நான் கேட்கிறேன்: யார் வீட்டில் இடம் இருக்கிறது?