கால் நீட்ட மூன்றரை மடங்கு

போன வாரம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலை நடையை முடித்துவிட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். நானும் மனைவியும் சிகாகோவில் மகள் வீட்டிலிருந்து திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மகள் இந்தத் தடவை ஐரோப்பிய விமானம் ஒன்றில் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் போட்டுவிட்டாள் என்ற செய்தி எங்களுக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

"அண்ணாச்சி, ஏறி உக்காந்த உடனேயே ஷாம்பெயின் நீட்டுவானாமே, மெய்தானா?"

"சாப்பாடெல்லாம் பீங்கான் தட்டுலயா?"

"பேஸ்ட், சாக்ஸ் எல்லாம் போட்டு ஒரு பை குடுப்பானாமே, அத வீட்டுக்குக் கொண்டு வரலாமா?"

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நண்பர் கடைசியில் தீர்ப்பு சொன்னார். "எல்லாம் சரிதான். அந்த ரூவாய்க்கு டவுனுக்கு வெளியில ஒரு சென்ட் இடம் வாங்கிப் போட்டிருக்கலாம். இந்த வயசுல நமக்கு எதுக்கு ஆடம்பரம்?"

ஒருவர்கூட "தூங்கினீங்களா?" என்று கேட்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஷாம்பெயின் நீட்டினார்கள். நான் ஆரஞ்சு ஜூஸ் வாங்கிக்கொண்டேன். முந்திரியைச் சூடாக்கிச் சின்னக் கிண்ணத்தில் தந்தார்கள். துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சோறும் பருப்பும் கிடைத்தன. நம் வீட்டு ரசத்துக்கு ஈடில்லை, ஆனாலும் குறை சொல்ல முடியாது. இவை எதற்கும் நான் பத்து ரூபாய்க்கு மேல் தரமாட்டேன்.

ஆனால் விளக்கை அணைத்த பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் நாற்காலி மெதுவாகச் சரிந்து, ஆறரை அடி நீளத்துக்குத் தட்டையான கட்டிலாகிறது. என் மனைவி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். ஆறு மணி நேரம் அசையவில்லை. நான் இரண்டு தடவை எழுந்துபோய், மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். ஏன் பார்த்தேன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

2015-ல் மகளின் முதல் பிரசவம். நான் தொலைபேசித் துறையிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்போது போனது எக்கானமியில், வேறொரு கம்பெனி விமானத்தில். இங்கிருந்து ராத்திரி ரயிலில் சென்னை, விமான நிலையத்தில் காத்திருப்பு, பத்து மணி நேரப் பறப்பு, நடுவில் ஓர் ஊரில் நாலு மணி நேரம், பிறகு மறுபடியும் பத்து மணி நேரம்.

என் மனைவியின் உயரம் ஐந்தடி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படியாது. தொடையின் கீழ்ப்பக்கம் நாற்காலி விளிம்பில் அழுந்தும். அவளுக்குக் கிடைத்தது ஜன்னலோரம். பாதை ஓரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பக் கூச்சம். கழிப்பறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீரே குடிக்கவில்லை. பத்து மணி நேரத்தில் ஒரே ஒரு தடவை எழுந்தாள். அதுவும் நான் திட்டிய பிறகு.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்கால் வீங்கிக் கல் மாதிரி ஆகிவிட்டது. உட்கார்ந்தே வந்த வீக்கம், சரியாகிவிடும் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். நிறைமாதக் கர்ப்பிணியான மகள்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். காலின் உள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். மூன்று மாதம் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. பேத்தி பிறந்தபோது பாட்டி பக்கத்து அறையில் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

இது எங்கள் வீட்டுத் தலைவிதி மட்டும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இருக்கிறது. நாலு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், இந்த ரத்தக் கட்டி வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்கிறது அது. விமானம் மட்டும் இல்லை, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆரோக்கியமானவர்களில் ஆறாயிரம் பேரில் ஒருவருக்கு வரலாம் என்பது கணக்கு. பயந்து நடுங்க வேண்டிய எண் இல்லைதான். ஆனால் அதே அறிக்கை யாருக்கு ஆபத்து கூடுதல் என்றும் சொல்கிறது. ரொம்ப உயரமானவர்கள், பருமனானவர்கள், பிறகு 160 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் உள்ளவர்கள். 160 சென்டிமீட்டர் என்றால் ஐந்தடி மூன்று அங்குலம். நம் தெருவில் அதற்கு மேல் வளர்ந்த பாட்டிமார் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆக, வயதானவர் நீண்ட பயணத்தில் காலை நீட்டிப் படுப்பது ஆடம்பரம் இல்லை. அது தேவை. அந்தத் தேவையைத் தங்கத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஷாம்பெயினும் வைத்து, எக்கானமியைப் போல மூன்றரை மடங்கு விலைக்கு விற்கிறார்கள். எங்கள் டிக்கெட் கணக்கு அப்படித்தான் வந்தது. என் சண்டை அந்த விற்பனை முறையோடுதான்.

இப்போது நம் ரயிலை நினைத்துப் பாருங்கள். 1978-ல் வேலையில் சேர்ந்த புதிதில் டிரெயினிங்குக்காகத் திருநெல்வேலியிலிருந்து எழும்பூருக்கு மீட்டர் கேஜ் வண்டியில் போனேன். இரண்டாம் வகுப்பு. மரப்பலகைதான். ஆனாலும் படுத்துக்கொண்டு போனேன். அந்தக் காலத்தில் ரயில்வே அமைச்சராக இருந்தவர் மது தண்டவதே. 1977-லிருந்து 1979 வரை, ஜனதா ஆட்சியில். இரண்டாம் வகுப்புப் பலகைகளுக்கு இரண்டு அங்குல நுரை மெத்தை போடச் செய்தவர் அவர்தான். முதல் வகுப்பைக் கீழே இறக்குவது தன் நோக்கமில்லை, இரண்டாம் வகுப்பை மேலே ஏற்றுவதுதான் என்பது அவர் கட்சி. அந்த இரண்டு அங்குலம் எத்தனை கோடி முதுகுகளைக் காப்பாற்றியிருக்கும்!

நம் ஸ்லீப்பர் கோச்சில் 72 பேர் படுத்துக்கொண்டு போனார்கள். சில நூறு ரூபாய் டிக்கெட்டில் பீடி சுற்றுகிறவரும் வாத்தியாரும் ஒரே நீளப் பலகையில் கால் நீட்டினார்கள். அதற்கும் முந்தின தலைமுறையில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறினவர்கள்கூட மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்தார்கள். ஏழை நாடு என்று பேர் வாங்கிய நாம் ஏழைக்குக் கொடுத்த வசதியை, பணக்கார நாட்டுக் கம்பெனி பணக்காரனுக்கு மட்டும் கொடுக்கிறது.

"விமானமும் ரயிலும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் நாற்காலியில் பெல்ட் போட்டுத்தான் இருக்க வேண்டும். எனவே நாற்காலியைப் பிடுங்கிவிட்டுப் பலகை போட முடியாது. எடையும் இடமும் காசுதான். ஒரு பிசினஸ் கட்டில் போடுகிற இடத்தில் எக்கானமி நாற்காலிகள் மூன்றாவது போடலாம். இதெல்லாம் எனக்கும் புரிகிறது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். போயிங் 777, 787 போன்ற நீண்ட தூர விமானங்களில் பணியாளர்கள் முறை வைத்துத் தூங்குகிறார்கள். எங்கே? பயணிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிய சின்ன அறையில், வரிசையாகப் படுக்கைகளில். அவர்கள் தூங்க வேண்டியது நியாயம்தான். நான் சொல்வது, விமானத்துக்குள் ரயில் பெர்த் மாதிரி படுக்கை வைப்பது முடியாத காரியம் இல்லை என்பதுதான். ஏர் நியூசிலாந்து கம்பெனி எக்கானமிக்காரர்களுக்காக ஆறு அடுக்குப் படுக்கைகளை நாலு நாலு மணி நேர முறையில் தருவதாக 2020-ல் அறிவித்தது. ஐரோப்பாவின் லுப்தான்சா 2021-லிருந்து காலியாக உள்ள ஒரு வரிசை நாற்காலிகளை மெத்தையோடு சேர்த்துத் தனிக் காசுக்கு விற்கிறது. பிசினஸ் கிளாஸில் முழுத் தட்டையான கட்டிலைப் பிரிட்டிஷ் ஏர்வேஸ் கொண்டுவந்தது 2000-த்தில். இருபத்தைந்து வருஷத்தில் முன்பக்கம் எத்தனையோ புது மாதிரி வந்துவிட்டது. கதவு வைத்த அறைகள்கூட வந்துவிட்டன. பின்பக்கத்துக்கு வந்தது அந்த வரிசை நாற்காலி மாதிரி மிகச் சில ஏற்பாடுகள்தான்.

ஏன் வரவில்லை? இதற்கான பதிலை 1849-லேயே ட்யூப்யூயி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் எழுதிவைத்திருக்கிறார். அப்போது சில ரயில்களில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை கிடையாது. கூரை போடும் செலவுக்குப் பயந்து அப்படி விடவில்லை, காசு உள்ளவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்று அவனைப் பயமுறுத்தவே விட்டிருக்கிறார்கள் என்பது அவர் கருத்து. எக்கானமி நாற்காலியில் முழங்கால் இடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூரை இல்லாத பெட்டிதான் ஞாபகம் வரும். பின்பக்கத்து வலிதான் முன்பக்கத்துக்கு விளம்பரம்.

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக நான் தயாரில்லை. நம் மேலும் குற்றம் இருக்கிறது.

ஷாம்பெயினைப் பற்றி விசாரிக்கிற நண்பர்களே, உங்களுக்கு அது பெருமைச் சமாச்சாரம். உடம்புக்கு வேண்டியதைக் கௌரவமாக மாற்றி விற்கிறவனுக்கு நீங்கள்தான் முதல் வாடிக்கையாளர்.

"நமக்கு எதுக்கு ஆடம்பரம்" என்கிற நண்பர்களே, உங்கள் எளிமையை மதிக்கிறேன். ஆனால் அதே வாயால் பேரன் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து, பாதி இலை எறியப்படும் விருந்து போடுகிறீர்கள். கால் வீங்குவது தியாகம் இல்லை. அதற்கான செலவை ஆஸ்பத்திரியில் கட்டப்போவது உங்கள் பிள்ளைகள்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனிச் செலவில் நீங்கள் படுத்துக்கொண்டு போகிறீர்கள். அம்மாவைப் பிரசவத்துக்கு அழைக்கும்போது மட்டும் இணையத்தில் ஆகக் குறைந்த டிக்கெட்டைத் தேடி, இரண்டு இடத்தில் மாற வைத்து, "வீல்சேர் சொல்லியிருக்கேன்ம்மா" என்று முடித்துவிடுகிறீர்கள். வீல்சேர் விமானத்தின் வாசல் வரைதான் வரும். எல்லோராலும் பிசினஸ் டிக்கெட் போட முடியாது, தெரியும். வீட்டுக் கடன் இருக்கும், குழந்தை காப்பகத்துக்குக் கட்ட வேண்டியிருக்கும். ஆனால் நடுவில் ஓர் ஊரில் ஒரு ராத்திரி ஓட்டலில் படுக்கவைத்து மறுநாள் அனுப்ப முடியும். அதற்கு விசா வேண்டுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். அதுவும் முடியாவிட்டால், கொஞ்சம் காசு கூடக் கட்டிப் பாதை ஓர நாற்காலியாவது வாங்க முடியும்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பாதை ஓர நாற்காலி கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பாதம் தரையில் படியாவிட்டால் கைப்பையைக் காலுக்கடியில் வையுங்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். தண்ணீர் குடியுங்கள். முன்பு காலில் கட்டி வந்தவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைப் பார்த்து, இறுக்கமான காலுறை, மருந்து பற்றிக் கேட்காமல் புறப்படாதீர்கள். சென்னைக்கு வந்தே பாரத்தில் போனாலும் இதேதான். அதுவும் எட்டு மணி நேரம் உட்காரும் வண்டி.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது ஒன்று. பயணம் முடிந்ததும் கருத்துப் படிவம் அனுப்புகிறார்கள். சாப்பாட்டுக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள். அதை விட்டுவிட்டு, "எக்கானமியில் எழுபது வயதுக்காரர் நாலு மணி நேரம் படுக்க என்ன ஏற்பாடு?" என்று எழுதுங்கள். ஒருவர் எழுதினால் குப்பைக்குப் போகும். ஆயிரம் பேர் எழுதினால் யாராவது ஒருவன் அதில் லாபம் பார்ப்பான். நம் வ.உ.சி. 1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் விட்டபோது, போட்டிக்குப் பயந்து வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்தது என்று சொல்வார்கள். கம்பெனிக்குத் தானாக மனம் இளகாது. யாராவது இளக்க வேண்டும்.

திரும்பி வரும்போது சென்னையில் இறங்கிய கையோடு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, இந்த ரூவாய்க்கு நம்ம மச்சுக்குத் தட்டோடு பதிச்சிருக்கலாமே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து அவள் காலைப் பார்த்தேன். இரண்டு காலும் ஒரே அளவில் இருந்தன.