போரின்மேல் பழி போட வேண்டாம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையின் காணிச் சட்டத்தை ஆற அமர விவாதிக்க நேரமில்லை, அதனால்தான் அதிகாரியின் கைக்கு எல்லாம் போயிற்று என்கிறார் நண்பர். ஏற்க முடியாது.

1942ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் காணி மீட்புக் கட்டளைச் சட்டத்தையே எடுப்போம். கடனுக்குப் பறிபோன விவசாயக் காணியை மீட்டுக் கொடுப்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அந்தக் கடன்கள் போரால் வந்தவையல்ல. முந்திய பத்தாண்டின் மந்தநிலையிலேயே ஈடுகள் மூழ்கத் தொடங்கிவிட்டன. எந்தக் காணியை எடுப்பது என்பதில் காணி ஆணையாளரின் முடிவே இறுதியானது என்று எழுதியதற்கு எந்தக் குண்டுவீச்சு காரணம்? எழுதியது 1936இல் தெரிவான அரசாங்க சபை. போரைக் காட்டி 1947வரை தேர்தலின்றி நீடித்த சபை.

யாழ்ப்பாணத்து உடுவில் செம்மண்ணில் ஒரு தோட்டக்காணி உறுதியைப் பிரித்துப் பாருங்கள்: பரப்புக் கணக்கு, கிணற்றுப் பங்கு, வாய்க்கால், வழி, நான்கு எல்லைக்காரர். இத்தனை பேரின் உரிமை பின்னிய காணியில் ஒருவர் சொல்வதே முடிவாகலாமா? மேன்முறையீட்டுக்கு ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் வேண்டும்?

போர் 1945இல் முடிந்தது. அந்த அதிகாரம் பற்றி 1957இலும் உயர் நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.