ஆகாச கங்கையும் ஆயிரம் படிகளும்

வருஷத்தில் பாதி நாள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடும் சீமையில் பிறந்தவர்களுக்கு அருவி என்ற சொல்லைக் கேட்டாலே பாதி ஸ்நானம் ஆனாற்போல் இருக்கும். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து ஜனங்கள் இந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். வானம் பார்த்த அந்தப் பூமியின் ஓரத்தில் சுவர் எழுப்பினாற்போல் நிற்கிறது, வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. ஒரே நாளில் போய் வரலாம். காரவள்ளியிலிருந்து பஸ் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறும். வயிறு பலவீனமானவர்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நலம்.

அறப்பளீசுவரர் தரிசனம் முடிந்ததும், அருகிலேயே ஆகாச கங்கைக்குப் படிகள் இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பழனியில் மூச்சு வாங்கினால் பாதியிலேயே திரும்பி இறங்கிவிடலாம். இந்த அருவியோ வட்டிக் கடைக்காரரைப் போன்றது; போகும்போது புன்னகை, வசூல் எல்லாம் திரும்பும்போது! படி ஒன்றுக்கு அரை அடி என்று வெகு சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 500 அடி ஏறியாக வேண்டும். அருவியின் உயரமே சுமார் 300 அடிதான். ஜலம் விழும் உயரத்தைக் காட்டிலும் நாம் ஏறும் உயரம் ஜாஸ்தி.

"இவ்வளவு தூரம் வந்துவிட்டு அருவியைப் பார்க்காமல் போவதா?" என்று பாட்டியைக் கைப்பிடித்து இழுத்துச் செல்லும் பேரன்மாருக்கு ஒரு வார்த்தை. இறக்கம் முழங்காலைச் சோதிக்கும். ஏற்றம் இருதயத்தைச் சோதிக்கும். உச்சி வெயிலில், ஈரப் புடவையோடு, நானூறாவது படியில் பாட்டி உட்கார்ந்துவிட்டால் அங்கே டோலியும் கிடையாது, டாக்டரும் கிடையாது. கோவிலருகே ஓடும் ஓடைக்கரையில் அவர் நிம்மதியாக அமர்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கீழே விழப்போகும் ஜலமும் அதுவேதான்.

அந்த ஜலத்தின் பெயர் அய்யாறு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை மலைமேல் உள்ள காடும் மண்ணும் குடித்து வைத்துக்கொண்டு, கருமியைப் போலச் சிறுகச் சிறுக வெளியே விடுகின்றன. ஆகையால் மழை ஓய்ந்த பின்பும், மார்கழி, தையில் அருவி செழிப்பாக விழும். போவதற்கு உகந்த காலம் அதுவே. பங்குனி, சித்திரையில் மெலிந்துவிடும். அடைமழைக் காலத்திலோ விஷயம் வேறு. நம் தலைக்குமேல் வெயில் காய்ந்தாலும், மலைமேல் வேறெங்கோ கருமேகம் கவிழ்ந்தால் வெள்ளம் சொல்லாமல் வந்துவிடும். வனக் காவலர் வழியை மறித்தால், "டிக்கெட் வாங்கியாயிற்றே" என்று அவரோடு தர்க்கம் செய்வதில் பயனில்லை.

குளித்து முடித்த பிறகு பாறையில் கிடக்கும் சோப்புக் காகிதங்களையும் ஷாம்பூப் பொட்டலங்களையும் சற்றுப் பாருங்கள். அய்யாறு இங்கிருந்து புளியஞ்சோலை வழியே திருச்சி ஜில்லாவுக்குள் இறங்குகிறது. அங்கேயும் கிணற்றை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மழையில் இந்தப் பொட்டலங்கள் அவர்கள் வயலுக்குப் போய்ச் சேரும்.