ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் வண்டி

மும்பையிலிருந்து புனே செல்லும் பழைய நெடுஞ்சாலையில் கோபோலியைத் தாண்டியதும் மலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து கண்டாலாவைத் தொடுவதற்குள் சாலை சுமார் 500 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. போர்காட் என்று அழைக்கப்படும் இந்த மலைப்பாதையில், மே மாத மதியங்களில் பானெட்டைத் திறந்துபோட்டபடி ஓரங்கட்டி நிற்கும் வண்டிகள் சகஜமான காட்சி. கையில் தண்ணீர் பாட்டிலுடன் டிரைவர், நிழல் தேடி ஒதுங்கிய பயணிகள், ரேடியேட்டர் பக்கமிருந்து மெல்லிய ஆவி.

அப்படி நிற்பவற்றில் ஒரு வகைக்குத் தனிக் கதை உண்டு. ஒரு டீசல் ஜீப் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு டிரெய்லர். அதில் ஜெனரேட்டரோ படகோ பந்தல் சாமான்களோ. ஊருக்குள் ஓடும்போது ஒரு தொல்லையும் இல்லை. சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்திலும் முள் நடுவில் அசையாமல் நிற்கிறது. டிரெய்லரை மாட்டி மலையேறினால் மட்டும் பத்தே நிமிடத்தில் சிவப்பைத் தொடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். பிறகு அனுமானத்தில் வேலை தொடங்குகிறது. முதலில் தெர்மோஸ்டாட் போகிறது. அடுத்த மாதம் வாட்டர் பம்ப். அதற்கடுத்து ஹெட்டையே கழற்றுகிறார்கள். பல ஆயிரம் செலவழிந்தபின் அதே மேட்டில், அதே வளைவில், அதே ஆவி.

பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. டீசல் இன்ஜினின் சுபாவம் அப்படி. சும்மா நிற்கும்போது அது மிகக் குறைவான எரிபொருளையே எரிக்கிறது; ஏராளமான காற்றை உள்ளிழுத்து அப்படியே வெளியே தள்ளுகிறது. ரேடியேட்டரில் பாதி அடைத்திருந்தாலும் நின்ற இடத்தில் ஓடும் டீசல் சூடாகாமல் தப்பித்துவிடும். நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்து நாடி பிடித்தால் மாடிப்படியில் வரும் மூச்சிரைப்பு தெரியுமா?

படியேறுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஒரு சிறு கணக்கு. 2 டன் ஜீப், சமதளத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு சுமார் 3 கிலோவாட் சக்தி போதும். அதாவது நான்கு குதிரைத்திறன். அதே ஜீப், ஒன்றரை டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு, 15 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில், அதே 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் 23 கிலோவாட் தேவை. ஏறக்குறைய எட்டு மடங்கு. டீசலில் உள்ள சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் சக்கரத்துக்குப் போனால், கிட்டத்தட்ட அதே அளவு வெப்பம் இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. எதிர்க்காற்றோ 30 கிலோமீட்டர் வேகத்துக்கு உரியதுதான். வெப்பம் பல மடங்கு, காற்று அதே பழைய காற்று. மீதியை விசிறிதான் ஈடுகட்ட வேண்டும்.

பக்கத்திலேயே ஓடும் ரயில்பாதை இந்தக் கணக்கை 1863 முதல் மதித்து வருகிறது. கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரையிலான ஏற்றம் 37க்கு 1. ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளிவிட கர்ஜத்தில் கூடுதல் இன்ஜின்களைச் சேர்ப்பது அங்கே வாடிக்கை. ஜீப்காரருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய இன்ஜின் வெப்பத்தைக் களையும் திறனில் கால் பங்கை எப்போதோ இழந்திருக்கலாம். சமவெளியில் அந்தக் கால் பங்கு தேவைப்படவே இல்லை, அதனால் தெரியவும் இல்லை. மலை எந்தக் கோளாறையும் புதிதாக உண்டாக்குவதில்லை. இருந்ததைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே எதை மாற்றலாம் என்று யோசிக்குமுன், எப்போது சூடாகிறது என்பதைத் துல்லியமாகக் கவனிக்க வேண்டும். டிரெய்லர் இல்லாமலும் நெடுஞ்சாலை வேகத்தில் முள் மெல்ல ஏறினால் சந்தேகம் ரேடியேட்டரின் உட்புறத்தின் மீதும் தண்ணீர் ஓட்டத்தின் மீதும் விழ வேண்டும். நெரிசலில் நின்று நின்று போகும்போது ஏறி, வேகம் எடுத்ததும் இறங்கினால் விசிறி. ஏற்றத்தில் நிதானமாக ஏறி, உச்சியைத் தாண்டியதும் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிட்டால் குளிர்விக்கும் திறன் போதவில்லை. ஆனால் முள் திடீரென்று துள்ளினால், ஏறி இறங்கி ஏறினால், தண்ணீர் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே காற்றோ வாயுவோ புகுந்திருக்கிறது. முள் இறங்குவது எப்போதும் நல்ல செய்தியல்ல. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் உணர்கருவி வெறும் காற்றில் நின்றுகொண்டு "எல்லாம் சரி" என்று காட்டும்.

முள்ளைப் பற்றி இன்னொன்று. இன்றைய பல வண்டிகளில் தண்ணீரின் வெப்பம் 75 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு மேல் போகும்வரை முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். வண்டிக்காரர் வீணாகப் பதறக்கூடாதாம்! அது அசையும்போது விஷயம் முற்றியிருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சோதனைச் சொருகியில் மாட்டி, செல்போனில் நிஜமான டிகிரியைப் படிக்கும் சிறு கருவி கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. டிரெய்லர் இழுப்பவருக்கு அது ஆடம்பரமல்ல.

முதல் சோதனைக்குப் பணமே வேண்டாம். ஒரு டார்ச் விளக்கு போதும். ஏசி உள்ள வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கன்டென்சர் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பூச்சி, சருகு, வைக்கோல் துணுக்கு, எண்ணெயில் பிசைந்த புழுதி எல்லாம் சேர்ந்து அந்த இடுக்கில் கம்பளம் விரித்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும் வண்டியில்கூட இது இருக்கும். வாட்டர் சர்வீஸ் செய்பவர்கள் முன்பக்கத்திலிருந்து பீய்ச்சி அழுக்கை இன்னும் உள்ளே தள்ளுகிறார்கள். விசிறிப் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான அழுத்தத்தில் கழுவ வேண்டும். மெல்லிய தகடுகள் மடங்கினால் அதுவும் ஓர் அடைப்புதான்.

அடுத்தது விசிறி. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் விசிறியின் நடுவே பல வண்டிகளில் சிலிகோன் திரவம் நிரம்பிய ஒரு கிளட்ச் இருக்கிறது. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடாக இருந்தால் அது இறுகும். விசிறி வேகமெடுத்து லாரி போல இரையும். அந்த இரைச்சல்தான் வண்டிக்காரர் கேட்க வேண்டிய ஒலி. முள் ஏறிக்கொண்டே போகிறது, இரைச்சலே இல்லை என்றால் பாதி நோய் தெரிந்துவிட்டது. இன்ஜினை அணைத்து, சூடாக இருக்கும்போதே விசிறியைக் கையால் தள்ளிப் பார்க்கலாம். லேசான எதிர்ப்போடு நின்றுவிட வேண்டும். தட்டாமாலை போலச் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவம் கசிந்துவிட்டது. மின்விசிறி உள்ள வண்டியில் இந்தச் சோதனை கூடாது. அணைத்த பிறகும் அது தானே சுற்றத் தொடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டைப் பழுது பார்க்கும்போது கழற்றி, திரும்ப மாட்டாமல் மூலையில் போட்டுவிடும் பட்டறைகளும் உண்டு. கூடு இல்லாவிட்டால் விசிறி தன்னைச் சுற்றியுள்ள காற்றையே கடைந்துகொண்டிருக்கும். ரேடியேட்டர் வழியாக இழுக்காது.

உட்புறம்தான் பெரிய வில்லன். நம் நாட்டில் ரேடியேட்டருக்குக் கூலன்ட் என்ற ஒன்று உண்டு என்பதைப் பலர் வண்டி வாங்கிய முதல் வருடத்தோடு மறந்துவிடுகிறார்கள். பிறகு ஊற்றுவதெல்லாம் பெட்ரோல் பங்க் குழாய்த் தண்ணீர், தாபா வாசல் ஆழ்குழாய்த் தண்ணீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு இன்ஜினுக்குள்ளும் படிகிறது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவத்துக்கு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூறில் ஒரு பங்குகூட இல்லை. முகத்தாளை விடச் சற்றுத் தடித்த படிவமும் கம்பளி போர்த்தியதுபோல வேலை செய்யும். குறுகலான ரேடியேட்டர் குழாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். இன்ஜின் நன்றாகச் சூடானபின், தொடாமலே வெப்பம் காட்டும் துப்பாக்கி வடிவக் கருவியை ரேடியேட்டர் முகத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் தெரியும்: ஒரு பகுதி மட்டும் சம்பந்தமில்லாமல் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. செம்பு, பித்தளை ரேடியேட்டர்களின் காலத்தில் ஈயப் பற்றைப் பிரித்து, குழாய்க்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்யத் தெரிந்த கைகள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தன. இப்போதைய அலுமினிய ரேடியேட்டரில் பிளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பிணைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நாடெங்கும் உள்ள ஒரு வைத்தியம். "நம்ம வெயிலுக்கு அது எதற்கு?" என்பது வாதம். இது தவறான வாதம். சமவெளியில் இன்ஜின் அரைச் சூட்டிலேயே ஓடி, டீசலைக் கூடுதலாகக் குடித்து, சீக்கிரம் தேய்கிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குவழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பி, மேட்டில் சூடு கூடுகிறது. சந்தேகம் இருந்தால் கழற்றி, பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். அதில் பொறித்துள்ள வெப்பநிலையில், பெரும்பாலும் 82 டிகிரியை ஒட்டி, திறக்கத் தொடங்கி, கொதிப்பதற்குள் நன்றாக விரிய வேண்டும். பாதி திறந்து நிற்பதுதான் ஏமாற்றுக்காரன். சமவெளிக்கு அந்தப் பாதி போதும்.

யாரும் சந்தேகிக்காத பொருள் ரேடியேட்டர் மூடி. சில நூறு ரூபாய்தான் விலை. அது தண்ணீரை வெறுமனே மூடி வைப்பதில்லை. ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்துவைத்து, கொதிநிலையை 20 டிகிரி உயர்த்துகிறது. ரப்பர் வளையம் காய்ந்துபோனால் அந்த 20 டிகிரியும் போயிற்று. உயரம் கூடக்கூட இதன் அருமை புரியும். 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். மணாலி பக்கமிருந்து சுமையோடு ஏறி வரும் வண்டியின் மூடி பழுதாக இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்து ஆறு டிகிரி ஏறுவதற்குள் ரேடியேட்டர் பொங்கிவிடும். அங்கே காற்றின் அடர்த்தியும் 30 சதவீதம் குறைவு. விசிறி எவ்வளவு சுற்றினாலும் கைக்குக் கிடைக்கும் காற்று கொஞ்சம்தான்.

ஹெட் கேஸ்கெட்டைக் கடைசியில் சந்தேகிப்பது முறை. ஆனால் சந்தேகிக்காமல் விடக்கூடாது. சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தைத் தொடும் ஏற்றத்தில் மட்டும் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிவது உண்டு. காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார்க்கலாம். சூடு ஏறுமுன்னே ஒரு நிமிடத்தில் கல்லாக இறுகினால் கெட்ட சகுனம். ரேடியேட்டரில் விடாமல் வரும் குமிழிகளும் அப்படியே. வாயுவைக் காட்டிக்கொடுக்கும் நிறம் மாறும் திரவச் சோதனை நல்ல பட்டறைகளில் உண்டு. ஹெட்டைக் கழற்றுமுன் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இன்றைய டீசல்களில் இன்னொரு கள்ளனும் இருக்கிறான். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் கூலர் உள்ளே வெடித்தால், தரையில் ஒரு சொட்டுக்கூட விழாமல் கூலன்ட் வெள்ளைப் புகையாகவே போய்விடும்.

சில சமயம் குற்றம் குளிர்விக்கும் பக்கத்தில் இருப்பதே இல்லை. டிரெய்லரின் பிரேக் முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தால் அந்தச் சுமையையும் இன்ஜின்தான் இழுக்கிறது. நாலு கிலோமீட்டர் போய் நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் மையத்தருகேயும் கையை நீட்டினால் எந்தப் பக்கம் அனல் என்று தெரிந்துவிடும். இழுவை போதவில்லை என்று பம்பை முறுக்கி டீசல் அளவைக் கூட்டிவைத்த பழைய வண்டிகள் கரும்புகையோடு அதிகப்படி வெப்பத்தையும் கக்குகின்றன. கியரும் முக்கியம். டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நாலாவது கியரில் முக்கி முனகி ஏறுபவர், வாட்டர் பம்பையும் விசிறியையும் சேர்த்தே மெதுவாக்குகிறார். இரண்டாவது கியரில் சத்தம் கேட்கும். ஆனால் தண்ணீரும் காற்றும் வேகமாக ஓடும்.

நடுமலையில் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறக்க வேண்டும். உள்ளே வியர்த்து ஊற்றும், ஆனால் அது இரண்டாவது ரேடியேட்டர். கியரைக் குறைத்து, முதலில் கிடைக்கும் சமமான இடத்தில் ஒதுங்கி, டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். தண்ணீர் இருக்கும்வரை இன்ஜினைச் சட்டென்று அணைக்காமல் சில நிமிடம் ஓடவிடுவது நல்லது. தண்ணீர் பீய்ச்சி வெளியேறிக்கொண்டிருந்தால் உடனே அணைப்பதைத் தவிர வழியில்லை. எக்காரணத்தைக் கொண்டும் மூடியில் கை வைக்கக்கூடாது. அழுத்தம் விட்ட மறுகணம் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாக எகிறி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அவசரப்பட்டு ஊற்றும் குளிர்ந்த தண்ணீர், அதுவரை தப்பித்திருந்த ஹெட்டில் விரிசல் விழவைக்கும்.

பழுது பார்த்து முடித்தபின் பட்டறை வாசலில் ஓடவிட்டுப் பார்ப்பது போதாது. மெக்கானிக்கைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அதே டிரெய்லரில் அதே சுமையோடு, அதே மேட்டில் ஏறிப் பார்க்க வேண்டும். எந்த கிலோமீட்டர் கல்லில் எத்தனை டிகிரி, எந்த கியர், விசிறி எப்போது இரைந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போகலாம். இதற்கு அரை நாள் கூலி தனியாகக் கேட்பார்கள். ஹெட்டைக் கழற்றி, மட்டம் சீவி, திரும்ப மாட்டும் செலவில் அது ஒரு சிறு பகுதிகூட இல்லை.