மேலாளர் அறைக்கு வெளியே ஒலிக்கும் குரல்

2026 ஜனவரித் தொடக்கத்தில் இந்தியக் கால்பந்து வீரர்கள் ஒரு காணொளியை வெளியிட்டனர். சுனில் சேத்ரி, குர்பிரீத் சிங் சந்து, சந்தேஷ் ஜிங்கான் உள்ளிட்டோர் அதில் தோன்றி, இந்தியக் கால்பந்தைக் காப்பாற்ற முன்வருமாறு உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவிடம் வேண்டினர். வீட்டுச் சண்டையை இப்படி வீதிக்குக் கொண்டுவரலாமா, பயிற்சியாளரிடமோ கிளப் நிர்வாகத்திடமோ பேசியிருக்கக் கூடாதா என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், பேசுவதற்கு அங்கே யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் செய்துகொண்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-இல் முடிவுற்றது. அதைப் புதுப்பிப்பது குறித்து உடன்பாடு எட்டப்படாததால் இந்தியன் சூப்பர் லீக் போட்டிகள் உரிய பருவத்தில் தொடங்கவில்லை. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதன்மை அணி வீரர்கள், பணியாளர்களின் ஊதியத்தைக் காலவரையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. சென்னையின் எஃப்.சி.யும் செயல்பாடுகளை நிறுத்தியது. நவம்பரில் ஒப்பந்தப்புள்ளி கோரியபோது ஒருவரும் முன்வரவில்லை. கிளப் சம்மேளனத்தைச் சுட்டியது; சம்மேளனம் நீதிமன்றத்தையும் சந்தையையும் சுட்டியது. இந்நிலையில் வீரர் தம் பயிற்சியாளரின் அறைக் கதவைத் தட்டினால், உள்ளே இருப்பவரும் சம்பளம் நின்றுபோன இன்னொரு பணியாளரே. காணொளி வெளிவந்த சில நாள்களில், ஜனவரி 6-ஆம் தேதி, போட்டிகள் பிப்ரவரி 14-இல் தொடங்கும் என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா அறிவித்தார்.

எல்லாப் பொதுவெளிப் புகார்களும் இந்த வகையைச் சேர்ந்தவை ஆகா. 2022 நவம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தம் மேலாளர் எரிக் டென் ஹாக் மீது தமக்கு மதிப்பில்லை என்றார். சில நாள்களிலேயே மான்செஸ்டர் யுனைடெட்டுடனான அவரது ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. 2025 டிசம்பரில் லீட்ஸ் ஆட்டத்துக்குப் பின் முகமது சாலா, லிவர்பூல் மேலாளர் ஆர்னே ஸ்லாட்டுடன் தமக்கிருந்த உறவு அற்றுப்போனதாகச் செய்தியாளர்களிடம் கூறினார்; அடுத்த ஆட்டத்துக்கான அணியில் அவர் இடம்பெறவில்லை. இவ்விருவருக்கும் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது; களத்தில் இறக்குவதா, அமரவைப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் உடையவரே அதற்குப் பின்னால் இருந்தார். அவர்களைக் குறை கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை. அணித் தேர்வில் ஏற்பட்ட மனக்கசப்பை ஊடகத்தில் கொட்டுவது சக வீரர்களுக்கும் தொல்லையே.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலொன்றில், நலிவுறும் அமைப்பில் இருப்பவருக்கு இரு வழிகள் உண்டு என்றார். ஒன்று வெளியேறுதல், மற்றொன்று குரல் எழுப்புதல். நூலைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியவன் என்ற முறையில் இதனோடு ஒன்றைச் சேர்ப்பேன். குரல் எந்தத் திசையில் எழும் என்பதைப் பேசுபவரின் பண்பைவிட, கேட்பவரின் அதிகாரமே பெரிதும் தீர்மானிக்கிறது.

ஒசூரில் வசிப்பவனுக்கு இது கால்பந்தோடு முடிகிற விஷயமாகத் தோன்றவில்லை. பெங்களூரு அணி ஆடும் கண்டீரவா மைதானம் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அந்த அணிக்காகக் கூச்சலிடும் நம் இளைஞர்கள் பலர் சிப்காட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். மேலாளரிடம் சொல்வதா, வெளியே சொல்வதா என்ற இக்கட்டை அவர்கள் மைதானத்துக்கு வருமுன்பே அறிவார்கள்.

மாலூரைக் கடந்தால் வரும் நரசாபுராவில், விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பர் 12 அன்று நடந்ததை மறந்திருக்க மாட்டோம். கணினிகளையும் கண்ணாடிகளையும் நொறுக்கிய வன்முறையை எவரும் நியாயப்படுத்த இயலாது. எனினும், ஊதியப் பிடித்தம், தாமதம் பற்றிய புகார்கள் அதற்கு முன்பே இருந்தன. தொழிலாளர் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனங்கள் வழியே அமர்த்தப்பட்டவர்கள். ஆலை மேலாளரிடம் சென்றால் ஏஜென்சியைக் கேள் என்பார். ஏஜென்சியோ ஆலையிலிருந்து வருகைப் பதிவு வரவில்லை என்னும். மறு ஆண்டு டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதை அடுத்து ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். கிருஷ்ணகிரி, ஒசூர் வழியாகச் செல்லும் அதே சாலைதான். மருத்துவமனையில் இருக்கும் தோழிகள் நலமா என்ற எளிய கேள்விக்கு நம்பத்தகுந்த விடை கிடைக்காததும் அவர்களைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 2025 நவம்பரில் ஒசூர் அருகே நாகமங்கலத்தில், டாடா எலக்ட்ரானிக்ஸ் பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிக் குளியலறையில் ரகசிய கேமரா கண்டெடுக்கப்பட்டபோதும் அவர்கள் இரவில் பெருந்திரளாக வெளியே வந்தே நீதி கேட்டனர்.

அதே மாதம் 21-ஆம் தேதி தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனம் குறைதீர்ப்புக் குழு அமைக்க வேண்டும் என்கிறது அது. உறுப்பினர்கள் பத்துப் பேருக்கு மிகாமல், இரு தரப்பிலும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நடவடிக்கைகளை 30 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். தொழிலாளர் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்காத முடிவு, முடிவாகாது. இந்தக் கடைசி விதி நல்ல விதி. ஆனால், காகிதத்தில் இருப்பதும் இரவு ஷிப்ட் முடிந்து பேருந்தில் தூங்கி வழியும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருப்பதும் வேறு வேறு.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் புகார்ப் பெட்டி ஒன்று சுவரில் தொங்கியது. மாணவர்கள் எவர் மீது அதிகம் புகார் வைத்திருந்தார்களோ, அவரிடமே அதன் சாவியும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் அதில் ஒரு தாள்கூட விழவில்லை. எங்கள் கல்லூரியில் குறையே இல்லை என்று அறிக்கையும் எழுதினோம். அதில் நானும் கையொப்பமிட்டவன்.

ஆகவே, தொழிலாளர் துறையிடம் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. ஒவ்வோர் ஆலை வாயிலிலும், அதைவிட முக்கியமாக ஒவ்வொரு விடுதியிலும், குறைதீர்ப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா மொழிகளில் ஒட்டப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் புகாரையும் முதன்மை நிறுவனத்தின் குழுவே பெற்றுக்கொள்ள வேண்டும். ஷிப்ட் மேற்பார்வையாளரும் விடுதிக் காப்பாளரும் அக்குழுவில் இடம்பெறலாகாது. பெட்டி வைப்பதானால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அதன் மேலேயே எழுதி ஒட்டட்டும்.