ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு யார் வருவார்?

பொதுக்குழு கூடும்போதெல்லாம் நூலகர் சங்கங்களில் கேட்கும் குறை ஒன்றுதான்: வேலை செய்ய ஆள் இல்லை. உறுப்பினர் பதிவேட்டில் பெயர்கள் கூடுகின்றன, கருத்தரங்க மண்டபமும் நிறைகிறது. ஆனால் மண்டபம் பிடிப்பது, அழைப்பிதழ் அடிப்பது, வரவு செலவு எழுதுவது, சான்றிதழில் பெயர் சரிபார்ப்பது எல்லாம் அதே நாலைந்து பேர் தலையில்தான் விழுகிறது. இளையவர்களுக்குச் சேவை மனப்பான்மை இல்லை என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். இந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களால் வர முடிந்த நாளில், செய்து முடிக்கக்கூடிய வேலையைச் சொல்லி நாம்தான் அழைப்பதில்லை.

முதலில் கிழமையைப் பார்ப்போம். சங்கக் கூட்டம் என்றால் ஞாயிறு என்பது எழுதாத சட்டம். பள்ளி, கல்லூரி நூலகருக்கு அன்று விடுமுறை. பொது நூலகத் துறையின் கிளை நூலகருக்கோ வார விடுமுறை வெள்ளிக்கிழமை; ஞாயிறு அவருக்கு வேலை நாள், அதுவும் வாசகர்கள் அதிகம் வரும் நாள். ஊர்ப்புற நூலகரின் நிலை இன்னும் கடினம். காலையில் கதவைத் திறப்பவர், நாளிதழ்களைப் பிரித்து மேசையில் போடுபவர், புத்தகம் கொடுத்து வாங்குபவர், கடைசியில் பூட்டிவிட்டுப் போகிறவர் எல்லாம் அவர் ஒருவரே. அவர் ஒரு நாள் வெளியூர் போனால் அந்த ஊருக்கு அன்று நூலகம் இல்லை. தனியார் கல்லூரியில் இருப்பவருக்கு நாக் (NAAC) தர மதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் வீட்டுக்குப் போவதே பெரும்பாடு, வெளிப்பணி அனுமதி (ஓ.டி.) கேட்கவே தயங்குவார். இவர்களையெல்லாம் ஞாயிறு காலை பத்து மணிக்குச் சென்னையில் எதிர்பார்த்துவிட்டு, ஆர்வம் இல்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொல்வது நியாயமா?

நம் முன்னோடிகள் இதில் தெளிவாக இருந்தார்கள். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியபோது, இங்கே நூலகப் பயிற்சி பெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செயலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் தொழில் தெரிந்தவர்கள் பெருகட்டும் என்று காத்திருக்கவில்லை. சங்கத்தின் தலைவராக இருந்த கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் ஒரு வழக்கறிஞர். மறு ஆண்டே சங்கம் நூலகப் பயிற்சியைத் தொடங்கியது. அதைக் கோடைப் பள்ளியாக நடத்தினார்கள். ஆசிரியர்களுக்கு ஓய்வு கிடைப்பது கோடையில்தானே. 1931இல் அந்தப் பயிற்சியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால், சங்கம் பிறந்ததிலிருந்து இருபது ஆண்டுகள் பலர் கூலி பெறாமல் உழைத்த உழைப்பு இருக்கிறது.

இன்று நாம் எப்படி அழைக்கிறோம்? வாட்ஸ்அப் குழுவில், “சங்கப் பணிகளில் விருப்பமுள்ளோர் முன்வரலாம்” என்று போடுகிறோம். கட்டைவிரல் குறிகள் வரிசையாக விழும், ஆள் வராது. என்ன பணி, எத்தனை நாள், எங்கே என்று எதுவுமே அதில் இல்லை. பொதுவாகக் கேட்டதை ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக மாவட்டச் செயலாளர் ஒரு கல்லூரி நூலகரைத் தொலைபேசியில் அழைத்து இப்படிக் கேட்கட்டும்: “மேடம், உங்கள் நூலகத்தில் கோஹா மென்பொருள் நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் நூலகத்துக்கே ஐந்தாறு பேரை அனுப்புகிறேன். தமிழ்ப் புத்தகங்களை யூனிகோடில் ஏற்றுவதை மட்டும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுப்பீர்களா? உங்கள் முதல்வருக்குச் சங்கத்திலிருந்து கடிதம் எழுதிவிடுகிறேன்.” இதற்கு இல்லை என்று சொல்பவர் குறைவு. தன் கைவேலையை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பதே அவருக்குப் பெரிய மதிப்பு. அன்று மாலை வந்த ஐந்தாறு பேரில் ஒருவர் அடுத்த பயிலரங்கை நடத்தத் தயாராக இருப்பார்.

வந்தவர் தங்காமல் போவதற்கும் பெரும்பாலும் காரணம் நாமே. முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற இளையவரை அழைத்து, பொன்னாடைத் தட்டை ஏந்தி மேடை ஓரம் நிற்க வைக்கிறோம். யோசனை சொன்னால் “பார்க்கலாம்” என்கிறோம். விழா மலரை அவர் இரவெல்லாம் உட்கார்ந்து வடிவமைத்திருப்பார். நன்றியுரையில் வேறொருவர் பெயர் வரும். பஸ் செலவைக் கூடக் கைக்காசிலிருந்து போட வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ரசீது கேட்டு அன்றே கொடுத்துவிடும் வழக்கம் ஒவ்வொரு கிளையிலும் வர வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஒருவர் நன்றாகச் செய்தால் எல்லா வேலையையும் அவர் மேலேயே ஏற்றுகிறோம். முடிவுத் தேதி இல்லாத வேலையிலிருந்து வெளியேற ஒரே வழி, தொலைபேசியை எடுக்காமல் இருப்பதுதான். பலர் அப்படித்தான் காணாமல் போனார்கள்.

நிர்வாகிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும், அது கசந்தாலும் சரி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கும் நிர்வாகிகள் விவரமும் போக வேண்டும். பல கிளைகளில் அந்தப் படிவங்களை நிரப்பத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருக்கு உடம்பு முடியாத ஆண்டில் கிளையே சிக்கலில் மாட்டும். பதினைந்து ஆண்டு ஒரே ஆள் பொருளாளராக இருப்பதை அர்ப்பணிப்பு என்று பாராட்டுகிறோம். அடுத்தவருக்கு அவர் கற்றுக்கொடுக்காமல் விட்டதை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பொறுப்புக்கும் இணையாக ஓர் இளையவரை இந்தப் பொதுக்குழுவிலேயே நியமித்து, அடுத்த ஆண்டுக் கணக்கை அவர் கையால் எழுத வைக்க வேண்டும். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ரங்கநாதன் பிறந்த நாளான ஆகஸ்டு 12, நூலகர் தினம். அதற்கு முன் உறுப்பினர்கள் தங்கள் மாவட்டக் கிளைக்கு ஓர் அஞ்சலட்டையோ குறுஞ்செய்தியோ அனுப்புங்கள்: உங்கள் விடுமுறை எந்தக் கிழமை, மாதத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும், எந்த வேலை உங்களுக்குக் கைவந்தது. கிளைச் செயலாளர்கள் செய்தி கிடைத்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் அழைத்து, தேதி குறித்த ஒரு வேலையைக் கொடுங்கள்.